பதில்: டெவில் மே க்ரை 5, நீரோவோட எக்ஸீட் சிக்கவே மாட்டேங்குது

வியாசர்பாடி ப்ரோ, இந்த வீடியோ கேம்ல ஹீரோ நீரோவோட வாளை வெட்டுற நேரத்துலயே சரியா முறுக்கேத்தி அடியை பலமாக்குறதுதான் எக்ஸீட். நீங்க சொன்ன மாதிரி பத்து வெட்டுல ஒண்ணுதான் பத்திக்குதுன்னா விரலை மட்டும் குறை சொல்லாதீங்க. மொதல்ல டிவியைப் பாருங்க. படம் லேட்டாகாம காட்டுற கேம் மோட் போட்டிருக்கா? ஆட்டம் 60 ஃபிரேம்ல ஓடுது, ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். டிவி 100 மில்லிசெகண்ட் லேட்டா காட்டினா, ஆறு ஃபிரேம் காலி. படத்தை வழவழன்னு காட்டுற மோஷன் ஸ்மூத்திங்கும் லேட்டாக்கும், அதையும் அணைச்சிடுங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல சத்தம் கேட்டு தாளம் பிடிக்கிறதா இருந்தா அதுவும் ஏமாத்தும்.

அப்புறம் கேம்ல இருக்கிற பயிற்சி இடமான வாய்டுக்குப் போங்க. முழு காம்போ வேணாம். வெட்டுற முக்கோண பட்டன் ஒரு தடவை, வாள் வீச்சோடயே எக்ஸீட் பட்டன் எல்2 ஒரு தடவை, அவ்ளோதான். கேரம்ல ஸ்ட்ரைக்கரைச் சுண்டுற மாதிரி ஒரே தட்டு. படபடன்னு அமுக்கினா எந்தத் தட்டு சரியா விழுந்துச்சுன்னே தெரியாது. எக்ஸீட் அளவைக் காட்டுற மூணு கட்டத்துல ஒரு கட்டம் நெரம்பினா எக்ஸ்-ஆக்ட், மூணும் ஒண்ணா நெரம்பினா மேக்ஸ்-ஆக்ட். மேக்ஸ்-ஆக்ட்டைத் துரத்தாதீங்க, தானா வரும். ஒரே வெட்டுல தொடர்ந்து கைகூடினதும் ரெண்டாவது வெட்டைச் சேருங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் வேகம் வேற, அங்கதான் முக்காவாசிப் பேர் கோட்டை உடுறாங்க.

பர்மா பஜார் பழைய கண்ட்ரோலரா? எல்2 ஸ்பிரிங் தொளதொளன்னு இருந்தா, செட்டிங்ஸ்ல எக்ஸீடை எல்1க்கு மாத்துங்க.