ரிப்போட்டில் ‘ஹைப்பர்பிளேசியா’ என்று இருந்தால் புற்றுநோயா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பின்கழுத்தில், தலைமயிர் முடிகிற இடத்தில் நெறி கட்டி இரண்டு மாதமாகக் குறையவில்லை. டொக்டர் அதை முழுதாக எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பினார். ரிப்போட்டில் ‘ரியாக்டிவ் லிம்பொயிட் ஹைப்பர்பிளேசியா’ என்று இருக்கிறது. கிளினிக்கில் “பயப்பட ஒன்றுமில்லை” என்று மட்டும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஃபோனில் தேடிப் பார்த்துவிட்டு, கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதுதான் அது என்கிறார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கலங்கள் பெருகினால் அது புற்றுநோய்தானே? ரிப்போட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அம்மா, இது புற்றுநோய் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தப் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது. கிரனுலோமா இல்லை, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். கிரனுலோமா என்பது காசநோய்க் கட்டிகளில் வழக்கமாகக் காணப்படும் ஒரு கலத்திரள். அதுவும் உங்கள் பிள்ளைக்கு இல்லை. பெரிய பெயரைக் கண்ட பதற்றத்தில் இந்த வரியை வீட்டில் ஒருவரும் வாசிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, பெயருக்கு வருவோம். லிம்பொயிட் என்றால், நோயை எதிர்க்கும் நிணநீர்த் தொகுதியைச் சேர்ந்தது. ஹைப்பர்பிளேசியா என்றால் கலங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இதுவரை தம்பி சொன்னது சரிதான். அவர் விட்டுவிட்டது முதல் சொல்லை. ரியாக்டிவ் என்றால், ஏதோ ஒன்று தூண்டியதால் நடந்தது. கிருமியோ புண்ணோ வந்தது, அதை எதிர்க்க நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயெதிர்ப்புக் கலங்கள், பெருகின, அவை தங்கியிருக்கும் நிணநீர்க் கணு வீங்கியது. அந்த வீக்கத்தைத்தான் நெறி என்கிறோம். அவ்வளவும் சேர்ந்துதான் அந்த நீளமான பெயர்.

ஏன் பெருக வேண்டும் என்று கேட்பீர்கள். நம் உடம்பில் ஏறத்தாழ 600 நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைந்திருக்கும் லிம்போசைட் என்ற வெண்குழியம் ஒவ்வொன்றும் கிருமிகளில் உள்ள ஒரேயொரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். அதனால் ஒரு குறிப்பிட்ட கிருமி வரும்போது, அதற்குப் பொருந்துகிற கலங்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அவை போதாது. பொருந்திய அந்தக் கலம் தன்னைப் போலவே பிரிந்து பெருகத் தொடங்குகிறது. ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு தடவை பிரியும். ஐந்து நாளுக்குள் ஒன்று ஆயிரமளவுக்கு வந்துவிடும். பொருந்துகிற கலம் மட்டும் பெருகுகிறது என்பது 1957இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி மக்ஃபர்லேன் பேர்னட் முன்வைத்த கருத்து. தடுப்பூசி போட்ட கையின் அக்குளில் சிலருக்கு நெறி கட்டுவதும் இப்படிக் கலங்கள் பெருகுவதால்தான்.

வேலை முடிந்த பிறகு, பெருகிய கலங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தாமாகவே இறந்துவிடும். உங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடி கரையேறும் வரைக்கும் இரண்டு கயிற்றிலும் ஆள் நிறைந்திருக்கும். மீனைப் பிரித்ததும் கரை வெறிச்சோடிவிடும். கலங்களும் அப்படித்தான் கலைகின்றன. மிஞ்சுகிற சில கலங்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு உடம்பிலேயே இருக்கும். புற்றுநோயில் இந்தக் கலைதல் நடப்பதில்லை. கூப்பிட ஆளில்லாமலே கலங்கள் பெருகும், போகச் சொன்னாலும் போகாது.

இந்த வித்தியாசத்தை நுணுக்குக்காட்டியில் கண்ணாலேயே பார்க்கலாம். சாயம் ஏற்றிய கணுவில் ஊதா நிறப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். அவற்றுக்கு நடுவில் வட்டங்கள் இருக்கும். உள்ளே வெளிறி, சுற்றிவரக் கறுத்த விளிம்போடு. அந்த வெளிறிய நடுவில்தான் கலங்கள் பிரிகின்றன. அதற்குள்ளேயே அங்கங்கே பெரிய கலங்கள் இறந்துபோன கலங்களின் துணுக்குகளை விழுங்கிக்கொண்டிருக்கும். பெருகுவதும் சாவதும் ஒரே வட்டத்துக்குள் நடப்பதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஒழுங்கு குலையவில்லை. லிம்போமா என்பது நிணநீர்க் கலங்களில் வரும் புற்றுநோய். அந்த வட்டங்களைப் போலவே தோன்றும் அதன் ஒரு வகையில் வட்டங்கள் ஒரே அளவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு மங்கிப்போகும், விழுங்கும் கலங்கள் அரிது. சந்தேகம் வந்தால் பிசிஎல்-2 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். கலத்தைச் சாகவிடாமல் தடுக்கும் புரதம் அது. சாதாரண வட்டத்தின் நடுவிலுள்ள கலங்களில் அது இருக்காது. அந்த லிம்போமாவில் பெரும்பாலும் இருக்கும். ஊசியால் உறிஞ்சியெடுத்தால் கலங்கள் மட்டும்தான் கிடைக்கும், இந்த அமைப்புத் தெரியாது. உங்கள் பிள்ளையின் கணுவை முழுதாக எடுத்திருப்பதால் இந்த ரிப்போட்டை நம்பலாம்.

அப்புறம், தூண்டியது எது? பின்கழுத்துக் கணுக்களுக்கு உச்சந்தலைத் தோலிலிருந்து நிணநீர் வந்து சேருகிறது. ஆகவே பிள்ளையின் தலையைப் பாருங்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு சிறுமிக்குக் காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. இரட்டைப் பின்னலை அவிழ்த்து, மயிரை வகிர்ந்து பார்த்தேன். பிடரியெல்லாம் ஈர், சொறிந்து சொறிந்து நீர் கசிகிற புண்கள். பேனுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்தோம், சில வாரத்தில் நெறி வற்றிவிட்டது. உங்கள் வீட்டில் இரத்தப் பரிசோதனைகளுக்கு முன்னால் பேன் சீப்பு ஒன்று போதுமாக இருக்கலாம். பேன் இல்லையென்றால் பொடுகுப் புண், அண்மையில் வந்த தொண்டை நோ அல்லது வைரஸ் காய்ச்சல், பூனைக் கீறல் ஆகியவற்றை யோசியுங்கள். சிலருக்குக் காரணம் பிடிபடாமலே போய்விடும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காசநோயா என்று பார்க்க அவரை மார்பு நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி இன்னொரு நெறி வந்தாலும் பார்மசியில் கேட்டு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுக்க வேண்டாம். அது வீக்கத்தை வற்ற வைக்கும், அதோடு உண்மையான நோயையும் மறைத்துவிடும். அமுக்கித் தேய்ப்பதும் பற்றுப் போடுவதும் வேண்டாம்.

ஆறு வாரம் கழித்துப் பிள்ளையை ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். வேறு நெறி ஏதாவது வந்து இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டிப் பெருத்தால், கல்லுப் போல அசையாமல் இருந்தால், காறை எலும்புக்கு மேலே புதிதாக வந்தால், பிள்ளை மெலிந்தால், இரவில் சட்டை நனையும்படி வியர்த்தால், காய்ச்சல் இரண்டு வாரமாக விடாமல் இருந்தால், அந்த ஆறு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அப்போது மறுபடி பயொப்சி எடுக்க வேண்டி வரலாம்; ஒரு ரிப்போட் நல்லதாக இருந்தது என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது.

ரிப்போட்டின் மேலே பயொப்சி இலக்கம் ஒன்று இருக்கும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எடுத்த கணுவை மெழுகில் பதித்து ஆய்வுகூடத்தில் பாதுகாப்பார்கள்; தேவைப்பட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லி அதே துண்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். மகளை இன்றைக்கே ரியூஷனுக்கு அனுப்புங்கள், அம்மா.