கணினிக் கேள்வி பதில்: எச்சரிக்கையை அடக்கும் பூஜ்ஜியம்

கேள்வி: பழைய சி நிரல் ஒன்று என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிட்டு ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால், 'இன்ட் நிலை = நிலை;' மாதிரி வரிகளில் "மதிப்பு தராமலே பயன்படுத்துகிறீர்கள்" என்று வருகிறது. எல்லாவற்றையும் '= 0' ஆக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். போட்ட பூஜ்ஜியங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

சி மொழியில், அறிவிப்பில் பெயரை எழுதி முடித்ததுமே அந்த மாறி பிறந்துவிடுகிறது. எனவே சமக்குறிக்கு வலப்பக்கம் நிற்கும் 'நிலை'யும் அதே புது மாறிதான். அதில் இன்னும் எந்த மதிப்பும் இல்லை. நினைவகத்தில் கிடந்த குப்பை வரலாம். ஆப்டிமைசேஷனை, அதாவது நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் மாற்றங்களைக் கூட்டினால் நடத்தையே மாறிப்போகலாம்.

பின் ஏன் இப்படி எழுதினார்கள்? பெரும்பாலும் தெரிந்தேதான். "மதிப்பு இல்லாமல் போகலாம்" என்ற எச்சரிக்கையின் வாயை அடைக்க, ஜிசிசி உலகில் இது பழைய உத்தி. லினக்ஸ் கெர்னலில் இதற்கென்றே 'அன்இனிஷியலைஸ்டு வார்' என்று ஒரு மேக்ரோ (கம்பைலுக்கு முன் வேறு நிரல் வரியாக விரியும் சுருக்கப் பெயர்) இருந்தது. உண்மையான பிழைகளையும் சேர்த்து மறைக்கிறது என்று 2020-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

உங்கள் பூஜ்ஜியமும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெயரைப் பார்த்தால், 'நிலை' ஒரு ஃபங்ஷனின் முடிவை வைத்திருக்கும் மாறி போலிருக்கிறது. கோப்பு திறந்தால் ஒரு 'இஃப்' கிளைக்குள் போய் அதற்கு மதிப்பு கிடைக்கிறது, திறக்காவிட்டால் எதுவும் கிடைக்காமல் கடைசியில் 'ரிட்டர்ன் நிலை' என்று வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சி நிரல்களில் 0 என்றால் பெரும்பாலும் வெற்றி. அப்படியானால் கோப்பே திறக்காதபோதும் "வேலை முடிந்தது" என்று அழைத்தவருக்குச் சொல்கிறீர்கள்! குப்பை மதிப்பாக இருந்தால் நிரல் ஓடும்போது நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் போன்ற கருவியாவது பிடித்துக் கொடுக்கும். பூஜ்ஜியம் முறையான மதிப்பு என்பதால் எந்தக் கருவியும் வாய் திறக்காது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

சரி, என்ன செய்வது? வலப்பக்கத்தை அழித்து வெறும் 'இன்ட் நிலை;' என்று விட்டு, ஓ2 என்ற நிலை ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்யுங்கள். மதிப்பில்லாமல் வந்துசேரும் பாதை இருப்பதாகத் தோன்றினால், மாறி பயன்படும் வரியை ஜிசிசி காட்டும். அங்கிருந்து பின்னோக்கிப் படித்து வாருங்கள். மேலே சொன்னது போன்ற கிளை கிடைத்தால், அந்தக் கிளையிலேயே 'நிலை = -1' என்றோ உங்கள் நிரலின் பிழைக் குறியீட்டையோ எழுதுங்கள். எந்தப் பாதையிலும் மதிப்பு விடுபடவில்லை, கம்பைலருக்குத்தான் புரியவில்லை என்றால், ஃபங்ஷனைச் சிறிதாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு மாறிக்காக இவ்வளவு படிப்பதா என்று தோன்றும். படியுங்கள், ஐயா, பழைய நிரலில் கைவைக்க வேண்டிய இடங்களை இந்த வரிகளே காட்டிக்கொடுக்கின்றன.

சில இடங்களில் நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறியின் மதிப்பை நகலெடுக்க நினைத்து அதே பெயரை வைத்திருப்பார்கள். அங்கே உள்ளூர் மாறியின் பெயரை மாற்றினால் போதும்.

அப்புறம், 'நிலை = நிலை' மாதிரி வரிகளுக்கும் எச்சரிக்கை தரச் சொல்லும் 'டபிள்யூ-இனிட்-செல்ஃப்' என்ற ஆப்ஷனை, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். சி++ நிரலென்றால், வழக்கமான எச்சரிக்கைகளை மொத்தமாகத் திறக்கும் 'டபிள்யூ-ஆல்' ஆப்ஷன் அதையும் சேர்த்தே கொண்டுவரும். சி நிரலுக்கு நாமேதான் கேட்டு வாங்க வேண்டும்.