வட்டில் கோளாறு இல்லை, படமே அப்படித்தான்

1984-இல் வந்த ‘பிராட்வே டேனி ரோஸ்’ கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது, சத்தம் நடு ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது, வட்டு பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. கோர்டன் வில்லிஸ் அதை ஒளிப்பதிவு செய்ததே கறுப்பு வெள்ளையில்தான். டிவியில் கலரைக் கூட்டிப் பிரயோஜனமில்லை.

ஒலியும் மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிவானது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் சரவுண்டு மோடில் இருந்தால் மோனோவை அப்படியே நடு ஸ்பீக்கருக்குத் தள்ளிவிடும். ஸ்டீரியோ மோடுக்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கேட்கும்.

16:9 அகலத்திரை டிவியில் மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை இருந்தால் சரிதான். பக்கவாட்டில் தடித்த பட்டை வந்தால் மட்டும் வட்டை மாற்றுங்கள், அது பழைய சதுர டிவிக்கான பதிப்பு.

கிடங்குத் துரத்தலில் குரலெல்லாம் கீச்சென்று மாறும். அதற்கும் செட்டிங்கை நோண்டிவிடாதீர்கள். கதையில் குண்டு பட்டு ஹீலியம் வாயு கசிகிறது, அதைச் சுவாசித்தால் குரல் அப்படித்தான் ஆகும், அவ்வளவுதான்.