வானொலி மைக் ஊராட்சிக்குப் போகட்டும்

கேள்வி: செல்போனில் உலகமே வந்துவிட்ட காலத்தில் திருச்சி, கோவை, மதுரை, நெல்லை என்று ஊருக்கு ஒரு அரசு வானொலி நிலையம் எதற்கு? பாட்டும் பயிர் நோய்க்கு மருந்தும்தானே சொல்கிறார்கள்? சென்னையில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மூடினால் வரிப்பணம் மிச்சமாகுமே? (வாசகர், கரூர்)

பதில்: செல்போனையும் வரிப்பணத்தையும் அப்புறம் பார்ப்போம். ‘பயிர் நோய்க்கு மருந்து’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. குறுவைக்குத் தோதான ரகம். திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. நாற்று எப்போது விடுவது, உரம் எவ்வளவு, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று தஞ்சாவூர் விவசாயி அந்த நெல்லைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டது ரேடியோவில்தான். அதனால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார். ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருதை எந்த அரசாங்கமும் கொடுத்துவிட முடியாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு மாநிலம் முழுமைக்கும் பொதுவாகப் பேசியிருந்தால் இது நடந்திருக்காது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்குமா என்ற கவலை டெல்டாவின் கவலை. கோவையில் பருத்தி போட்டவருக்கு அது வெறும் செய்தி. பக்கத்திலிருந்து பேசினால்தான் பேச்சு வயலில் இறங்கும்.

ஆகவே பயிர் மருந்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். என் குறை வேறு. யூரியா ஏக்கருக்கு எவ்வளவு என்று அழகாகச் சொல்கிற அதே மைக், கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா ஏன் இல்லை என்று கேட்பதில்லை. நெல்லை எப்படிக் காயவைப்பது என்று சொல்கிறது. நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில், தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள் மேல் மழை பெய்துகொண்டிருக்க, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்ட விவசாயியிடம் போய் நிற்பதில்லை. சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, மூட்டைக்கு இவ்வளவு கொடு என்கிறார்கள் என்று அவர் சொல்வதைப் பதிவு செய்து, அன்று மாலையே நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரிடம் பதில் வாங்கிப் போட்டால், அந்த நிலையத்தை மூடச் சொல்ல உங்களுக்கே மனம் வராது. நீங்கள் மூடச் சொல்வதற்குக் காரணம் அவர்கள் பேசுவது அல்ல, பேசாமல் விடுவதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பேசச் சட்டம் தடுக்கிறதா? இல்லவே இல்லை. 1978-இல் பி.ஜி. வர்கீஸ் குழு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சுயாட்சி கேட்டது. 1990-இல், இரண்டையும் நடத்தத் தனி நிறுவனம் அமைக்கிற பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1997 ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுநலம் சார்ந்த எல்லா விஷயங்களையும் தடையில்லாமலும் உண்மையாகவும் தெரிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து நடுநிலையாகத் தருவதும் நிறுவனத்தின் வேலை என்று அதில் இருக்கிறது. ஆல் இந்தியா ரேடியோவுக்கு என்று பழைய நெறிமுறை ஒன்றும் உண்டு. எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு விமர்சிக்கக் கூடாது என்கிறது அது. சரி, தாக்க வேண்டாம். ஊராட்சியில் குடிநீர்த் தொட்டி கட்டி முடிக்கப்பட்டதா, பில் மட்டும் முடிந்ததா என்று கேட்பது எந்தக் கட்சியைத் தாக்குவது? சட்டம் போட்ட வேலியைவிட அதிகாரிகளின் பயம் போட்ட வேலி பல மைல் உள்ளே இருக்கிறது. மாநிலச் செய்திகளைக் காலையில் கேளுங்கள். அமைச்சர் தொடங்கிவைத்தார், ஆட்சியர் ஆய்வு செய்தார், ஆளுநர் வாழ்த்துத் தெரிவித்தார். தொடங்கிவைத்தது அடுத்த வருஷம் ஓடுகிறதா என்று யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.

அரசு வானொலி பயத்தால் பேசவில்லை என்றால், மற்றவர்கள் பேசுவதற்குச் சட்டமே தடை. இது எனக்குப் பல வருஷமாக ஆறாத கோபம். 1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு தனியார் பண்பலை வந்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நாட்டின் முதல் கல்வி வளாக சமுதாய வானொலி, அதாவது ஒரு சிறு வட்டாரத்துக்காக மட்டும் ஒலிக்கிற நிலையம், வந்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் செய்தி சொல்ல மட்டும் இவர்கள் யாருக்கும் உரிமை இல்லை. தனியார் பண்பலை வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்தடை சொல்லலாம். மின்தடைக்கு யார் காரணம் என்று கேட்டால் அது செய்தி, கூடாது. பத்திரிகைக்கு இந்தத் தடை இல்லை. 24 மணி நேரத் தொலைக்காட்சிக்கு இல்லை. படிக்கத் தெரியாதவரும் கேட்கக் கூடிய, சில நூறு ரூபாய்ப் பெட்டியில் வருகிற வானொலிக்கு மட்டும் இருக்கிறது. 2013-இல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு, ஒலிபரப்புத் துறைகளை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பே, தனியார் பண்பலைக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி சொல்ல அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வெறும் 10 நிமிடம்! அதைக் கொடுக்கவும் கை வரமாட்டேன் என்கிறது.

பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-லிருந்து ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4-இல் ஒலிக்கிறது. கடல் நிலவரம், காற்று, வலை, மீன்வளம் எல்லாம் மீனவர்களின் பேச்சிலேயே வருகிறது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போவது அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் பேசப்படுகிற விஷயம். அந்த ஊரின் சொந்த வானொலி அதைச் செய்தியாகச் சொல்லிவிடக் கூடாது என்று டெல்லியில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது உள்ளூர் அரசியலுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கிராம ஊராட்சிகள் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை அங்கே தேர்தலே நடக்கவில்லை. மூன்று வருஷத்துக்கும் மேல்! அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். உங்கள் கரூரும் அதில் ஒன்று. காலம் முடியுமுன் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. சட்டமன்றத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனால் ராத்திரி எட்டு மணி விவாதத்தில் எத்தனை பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள்! ஊராட்சித் தேர்தல் வருஷக் கணக்கில் தள்ளிப்போனபோது எத்தனை ராத்திரி அதைப் பேசினார்கள்? இதை முன்பு இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு ஒரு தொலைக்காட்சி ஆசிரியர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். தண்ணீரும் தெருவிளக்கும் குப்பையும் பேசப்படாத விவாதத்தை அரசியல் விவாதம் என்று நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.

கிராம சபைக்குப் போயிருக்கிறீர்களா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு. பள்ளிக்கூட மைதானத்திலோ அரசமரத்தடியிலோ ஷாமியானா போட்டிருப்பார்கள். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் ஆரம்பிக்கும் முன்பே கையெழுத்து நோட்டு ஒரு சுற்றுப் போய்விடும். தீர்மானம் என்னவென்று தெரியாமலே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஊராட்சிச் செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் வாசிப்பார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, “எங்க தெருவுக்கு மூணு வருசமா தண்ணி ஏறல, ஆனா மோட்டார் ரிப்பேர்னு மட்டும் வருசா வருசம் கணக்கு வருதே, எப்படிங்க?” என்று கேட்பார். “அதைத் தனியாப் பேசிக்கலாம், உட்காருங்க” என்று பதில் வரும். அவ்வளவுதான். அந்தக் கேள்வி நோட்டில் ஏறாது. அந்த இடத்தில் வானொலி மைக் ஒன்று இருந்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அம்மாவின் குரல் மாவட்டம் முழுக்கக் கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் தனியாகப் பேசிக்கலாம் என்று சொல்ல ஆள் இருக்காது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் செய்தோம். அந்தத் தலைவிகள் பேசி எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்? பல ஊரில் கணவர்தான் பேசுகிறார். மைக்கை நேராகத் தலைவியின் கையில் கொடுத்தால் அவர் பேசித்தானே ஆக வேண்டும்?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைக்காதீர்கள். பிபிசியின் உள்ளூர் வானொலி 1967 நவம்பரில் லெஸ்டர் நகரில் ஆரம்பித்தது. 2022 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, பிரிட்டனின் அன்றைய பிரதமர் லிஸ் டிரஸ் எட்டு உள்ளூர் நிலையங்களுக்கு அடுத்தடுத்துப் பேட்டி கொடுத்தார். ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான். லண்டன் நிருபர்களைவிட இவர்கள் சுலபமாக விடுவார்கள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். லங்காஷயர் நிலையம் தன் பகுதியில் பூமியைத் துளைத்து எரிவாயு எடுப்பதைப் பற்றிக் கேட்டது. மற்ற நிலையங்கள் தங்கள் நேயர்களின் வீட்டுக் கடனையும் மின்கட்டணத்தையும் கேட்டன. தேசியத் தொலைக்காட்சியில் வருஷக் கணக்கில் பழகிய பதில்கள் அங்கே செல்லவில்லை. அந்த பிபிசியே 2023-இல் உள்ளூர் நிகழ்ச்சிகளை வெட்டி, பிற்பகலுக்கு மேல் பல ஊருக்கும் ஒரே நிகழ்ச்சி என்று ஆக்கியது. செய்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீங்கள் சொல்கிற ‘தலைநகரில் ஒன்று போதும்’ என்கிற யோசனையின் இங்கிலாந்துப் பதிப்பு அது. அங்கேயும் அது தப்புதான்.

நமக்கும் பழைய அனுபவம் உண்டு. 1956-இல் பூனா வட்டாரத்தில் யுனெஸ்கோ உதவியோடு வானொலிக் கிராம மன்றங்கள் நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், விவாதிப்பார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதுவார்கள். அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். கேட்கிறவனைப் பேசவும் வைத்த வானொலி அது. அதை ஏன் கைவிட்டோம்?

செல்போனுக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணையே மறுத்தது. மறுப்பு வருவதற்குள் எத்தனை குடும்பம் நடுங்கியிருக்கும்? அனுப்பியவனை யாரால் கேட்க முடிந்தது? நிலையத்துக்கு முகவரி உண்டு, பொறுப்பதிகாரி உண்டு, தப்பாகச் சொன்னால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்களோடு செல்போனும் போயிற்று. அந்த மாதிரி நாளில் பேட்டரிக் கட்டை போட்ட ரேடியோ பேசும். செல்போனிலேயே பண்பலை வசதியை எடுத்துவிடாதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை எழுதியதும் பேரிடரை நினைத்துத்தான்.

வரிப்பணம்? மூடி மிச்சம் பிடிப்பதைவிட, அந்தப் பணத்துக்கு வேலை வாங்குங்கள். கரூர், திருச்சி நிலையத்தின் வட்டாரத்துக்குள்தான் வருகிறது. அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ‘இந்த ஊராட்சியின் கிராம சபையைப் பதிவு செய்து ஒலிபரப்ப வானொலி ஆள் அனுப்ப வேண்டும்’ என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். நோட்டில் எழுதியதை நின்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலை நிலையத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, இன்னொன்றை எனக்கும் அனுப்புங்கள். அவர்கள் தரும் பதிலை, தராவிட்டால் தரவில்லை என்பதை, இதே பக்கத்தில் போடுகிறேன்.