தூக்க மாத்திரைக்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

அஸ்தம்பட்டி பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கும் உங்கள் அம்மா பகலெல்லாம் தூங்கி, ராத்திரி விழித்துப் புலம்புகிறார், தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று இல்லத்தில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டுச் சரி சொல்லிவிடாதீர்கள் சகோதரி. அந்த மாத்திரையால் வயதானவர்களுக்குத் தள்ளாட்டம் வரும். ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிகிற ஆபத்து அதிகம்.

இந்தப் புலம்பல் திடீரென்று சில நாளில் வந்ததா? அப்படியானால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் உப்புக் குறைவு எல்லாமே முதியவர்களிடம் மனக்குழப்பமாக வெளிப்படலாம். சில சமயம் காய்ச்சல்கூட இருக்காது. சேலம் வெயிலில் உடம்பில் நீர் வற்றுவதும் சகஜம், வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சீக்கிரமே முடித்துவிடுகிறார்கள் என்றால் நடுராத்திரியில் பசிக்கும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் கொடுக்கச் சொல்லுங்கள். காலையில் அரை மணி நேரம் வாசல் வெளிச்சத்தில் உட்காரட்டும். பகலில் கைக்கு வேலையும் வேண்டும்: பூ கட்டுவார் என்றீர்களே, பூ மார்க்கெட்டில் உதிரி மல்லி வாங்கிப் போய்க் கொடுங்கள். நீங்கள் பார்க்கப் போவதை மதியத்துக்கு மாற்றிக்கொண்டால் அன்றைக்காவது பகலில் விழித்திருப்பார்.