ஒட்டிய பக்கங்களை இழுக்காதீர்கள்

வணக்கம் தம்பி. கிளிநொச்சி மாரி ஈரத்தில், றங்குப்பெட்டிக்குள் இருந்த மாமாவின் லெட் செப்பெலின் ரொக் இசைக்குழுவின் நெப்வொர்த் (இங்கிலாந்து) 1979 நிகழ்ச்சிப் புத்தகம் ஒட்டிவிட்டது, தாள்களைப் பிடித்திருக்கும் கம்பிப் பின்னும் துருப்பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அருமையான பொருள் அது. அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோன் பொன்ஹாம் இங்கிலாந்தில் அவர்களோடு கடைசியாக வாசித்தது அங்கேதான், ஓகஸ்ட் 4, 11 இரண்டு நாளும்.

ஒட்டிய பக்கங்களைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். பளபளப்புத் தாளின் பூச்சு நனைந்தால் பசையாகி, காய்ந்ததும் இறுகிவிடும். இழுத்தால் படம் மற்றப் பக்கத்தோடு போய்விடும். அதைத் தாள் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் விடுங்கள். நடுப்பக்கம் திறந்தால் பின்னை மட்டும் நீங்களே மெல்ல நிமிர்த்திக் கழற்றலாம். துருக்கறைக்குத் தேசிக்காய் பூச வேண்டாம். வெயிலிலும் வைக்காதீர்கள், மை மங்கும். அப்புறம், லமினேட் செய்யவே கூடாது. பிவிசி உறையை விடப் பொலியெஸ்டர் உறை நல்லது. பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.