லாரோஷ்-மிஜென்: எஞ்சின் மாற்றத்தால் வளர்ந்த ஊர் (கேள்வி பதில்)

பிரான்சின் யோன் மாவட்டத்தில், பாரிசிலிருந்து சுமார் 155 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 7,000 பேர் வாழும் சிற்றூர் மிஜென். பக்கத்து ஊரான லாரோஷின் பெயரையும் சேர்த்து, அதன் ரயில் நிலையம் லாரோஷ்-மிஜென் என்று வழங்குகிறது. அந்நிலையம் குறித்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: பெரிய நகரமாக இல்லாத இவ்விடத்தை ரயில் பாதை ஏன் தேடி வந்தது?

பாதை தேடி வந்தது ஊரை அன்று, பள்ளத்தாக்கை. ஆர்மான்சோன் ஆறு யோன் ஆற்றில் கலக்கும் இடம் இதன் அருகில்தான் இருக்கிறது. ரயிலுக்கு முன்பே, 1832-இல் முழுமையடைந்த பர்கண்டிக் கால்வாயும் இங்கிருந்தே சோன் ஆற்றை நோக்கிப் புறப்பட்டது. பாரிசிலிருந்து தென்கிழக்கே செல்லும் இருப்புப்பாதை 1849-இல் இவ்வூரைக் கடந்து தொன்னேர் வரையிலும், 1851-இல் தீஜோன் நகர் வரையிலும் திறக்கப்பட்டது.

கேள்வி: விரைவு ரயில்கள் இங்கே எஞ்சின் மாற்றியது எதற்காக?

இவ்வூரின் வரலாறே இக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. நீராவி எஞ்சின் ஓட ஓட அதன் நீர்த்தொட்டி வற்றும். அடுப்பில் சாம்பலும் உருகிக் கட்டிதட்டிய கசடும் சேர்ந்து காற்றோட்டத்தை அடைக்கும். இடைவிடாமல் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் களைத்துப்போவார். பாரிசுக்கும் தீஜோனுக்கும் இடைப்பட்ட 314 கிலோமீட்டரில் லாரோஷ் கிட்டத்தட்ட நடுவில் அமைந்தது.

தூரத்தைவிட நிலத்தின் அமைப்பையே நான் முக்கியமான காரணமாகக் கருதுகிறேன். பாரிசிலிருந்து இதுவரை சேன், யோன் ஆற்றங்கரைகளை ஒட்டிப் பாதை பெரும்பாலும் சமமாகவே வருகிறது. இதற்கப்பால் அது ஆர்மான்சோன் பள்ளத்தாக்கில் ஏறத் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் ஆயிரம் மீட்டருக்கு 8 மீட்டர் என்ற சரிவில் உயர்ந்து, 4 கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளமுள்ள பிளேசி-பா சுரங்கத்தை அடைகிறது. சமவெளியில் விரைந்தோடும் எஞ்சினும், கனத்த ரயிலை மேட்டில் இழுத்துச்செல்லும் எஞ்சினும் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஏற்றத்திற்கு ஏற்றவையாகத்தான், நான்கு இணை உந்துசக்கரங்களைக் கொண்ட பெரிய எஞ்சின்களை, இப்பாதையை நடத்திய பி.எல்.எம். (பாரிஸ்-லியோன்-மத்தியதரைக்கடல்) ரயில் நிறுவனம் 1925 முதல் கொண்டுவந்தது.

கேள்வி: அந்த மாற்றம் எவ்வாறு நடந்தது?

புதிய எஞ்சின் முன்கூட்டியே கொதிகலன் அழுத்தத்துடன் பக்கத்துத் தடத்தில் காத்து நிற்கும். ரயில் வந்து நின்றதும் ஒரு தொழிலாளி வண்டிகளுக்கிடையே குனிந்து திருகு இணைப்பைத் தளர்த்தி, பிரேக் குழாயைக் கழற்றுவார். பழைய எஞ்சின் விலகிய பின், புதியது மெல்லப் பின்னோக்கி வந்து சேரும். இணைப்பை இறுக்கிப் பிரேக்கைச் சோதித்த பிறகே ரயில் புறப்படும். விடுபட்ட எஞ்சினின் சாம்பலை லோகோ ஷெட்டில் வாரிக் கொட்டி, கரியும் நீரும் நிரப்பி, திருப்புமேடையில் திசை மாற்றி, அடுத்த பாரிஸ் ரயிலுக்குத் தயார்செய்வார்கள். இரவும் பகலும் ஓயாத இந்த வேலைக்காகத்தான் ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் குடும்பத்துடன் இங்கே குடியேறினார்கள்.

கேள்வி: கிளைப் பாதைகள் இருந்தனவா?

ஆம். ஒசேர் செல்லும் பாதை 1855-இல் இங்கிருந்து பிரிந்தது. எனினும், ஊரை வளர்த்தது சந்திப்பு என்ற நிலையைவிட லோகோ ஷெட்தான்.

கேள்வி: இந்தச் சிறப்பு எப்போது மறைந்தது?

1950-இல் பாரிசிலிருந்து தீஜோன் வரை 1,500 வோல்ட் நேர்மின்சாரம் வந்து சேர்ந்தது. 1952-இல் அது லியோனையும் எட்டியது. மின் எஞ்சினுக்குக் கரியும் வேண்டாம், நீரும் வேண்டாம்; மேடும் அதற்குப் பெரிய தடையன்று. ஆகவே விரைவு ரயில்கள் இங்கே நிற்பதற்கான காரணமே இல்லாமற்போயிற்று. தொழில்நுட்பத்தின் பார்வையில் இது மறுக்கமுடியாத முன்னேற்றம். ஆனால், தலைமுறைகளாகக் கற்றுத் தேர்ந்த கைத்திறன் ஒன்று ஒரே ஊரில் திரளாக வேலையிழந்ததை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது.

கேள்வி: டி.ஜி.வி. எனப்படும் அதிவேக ரயில்கள் இவ்வூர் வழியே சென்றதுண்டா?

குறுகிய காலம் சென்றன. 1981-இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையின் முதற்பகுதி, லாரோஷுக்குச் சற்று அப்பால் உள்ள சென்-ஃப்ளோரன்தென் அருகே தொடங்கியது. எனவே பாரிசிலிருந்து அதுவரை அந்த ரயில்கள் பழைய பாதையிலேயே ஓடின. 1983-இல் வடபகுதியும் முடிந்தபின் அவை இவ்வூரை விட்டு விலகின.

கேள்வி: இன்று அங்கே இறங்க என்ன வழி?

பாரிசின் பெர்சி நிலையத்திலிருந்து ஒசேர், தீஜோன் திசைகளில் செல்லும் வட்டார ரயில்கள் இங்கே நிற்கின்றன. பர்கண்டிக் கால்வாயின் தொடக்கத்தையும் காண விரும்புவோர் இங்கேயே இறங்கலாம்.